பாதியாக வெட்டிய தகரம்

“…அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஒரு சாண்கூட என் பக்கம் வரக்கூடாது. இன்னிக்கு ஒரு சாண் தகரம் வரும், நாளைக்கு அதுக்குத் தொணையா ஒரு செவரு வரும். இப்பவே சொல்லிப்புட்டேன்.”

பக்கத்துக் காம்பரா அக்கா இதைச் சொன்னபோது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏணியின் உச்சியில், பாதி உடம்பு கூரைக்கு மேலும் பாதி உடம்பு கீழுமாக, பாஸ் நின்றார். கொத்து வேலையோ மர வேலையோ கூரை வேலையோ, எதைச் செய்கிறவரையும் எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயில் நாலு ஆணி இருந்தது. அதனால் அவருக்குப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அந்த வசதி இல்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். அவள் படுக்க வேண்டிய மூலையில்தான் ஒழுகுகிறது. அந்த ஒழுக்கை அடைக்கத்தான் பாஸைக் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறேன். கூட்டி வந்தால், ஒரு சாண் வரக்கூடாது என்கிறார் அக்கா. எனக்கு வந்த எரிச்சலில் ஏணியை விட்டுவிட்டு, த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு டவுன் பக்கம் போய்விடலாம் போல இருந்தது. ஏணியில் ஆள் நின்றதால் போகவில்லை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் லயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்தளை டவுனிலிருந்து மேலேறும் பாதையில், ஒரு பழைய கொக்கோத் தோட்டத்தின் லயம் அது. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாக ஆறு காம்பரா, ஒரு அறைக்கு ஒரு குடும்பம். ஒரு காலத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே தகரம். வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்திலிருந்தே ஆள் வந்து தார் பூசிவிட்டுப் போவார்கள். பிறகு தார் வருவது நின்றது. அதன் பிறகு அவரவர் தன் தலைக்கு மேலே உள்ளதைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கினோம். இப்போது மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் லயம் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கும். நடுவில் மூன்று காம்பராவை மட்டும் சொல்கிறேன். எனக்கு வலது பக்கம் ஓடு. என் தலைக்கு மேலே அஸ்பெஸ்டஸ் சீட்டு. இடது பக்கம் அக்கா, பழைய தகரத்தை விடாமல் வைத்திருக்கிறவர்.

ஓட்டுக்காரர் எனக்கு மாமா முறை. வெளிநாட்டில் பல வருஷம் வேலை பார்த்து வந்தவர். ஓடு போட்டால் பேரன் காலம்வரை திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லித்தான் போட்டார். பேரன் இன்னும் பிறக்கவில்லை, மாமா வாரத்துக்கு இரண்டு தடவை கூரையில் இருக்கிறார். காரணம் குரங்கு.

“மாப்புள, குரங்குக்கு ஓடுங்கிறது பெட்டி மூடி மாதிரி,” என்பார் மேலேயிருந்து. “தெறந்து பாக்காமப் போவாது. உள்ள ஒண்ணுமில்லன்னு அதுக்கு நேத்தே தெரியும். இருந்தாலும் இன்னிக்கும் தெறக்கும்.”

ஒரு ஓடு நகர்ந்தால் போதும், எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க அரைநாள் ஆகும். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, சட்டத்தில் நடந்து, வேறொரு இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு மேலே தேடினால் எல்லா ஓடும் ஒழுங்காகவே இருக்கும். மாமா கையில் ஒரு நீளக் கம்பு வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து ஒவ்வொரு ஓடாகத் தட்டுவார், மாமி வெளியே நின்று “இதுதான், இதுதான்” என்று கத்துவார். ஒருமுறையும் இருவரும் ஒரே ஓட்டைச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு கரையான். ஓடு கனம், சட்டம் பலமாக இருக்க வேண்டும், சட்டத்துக்கு வருஷாவருஷம் எண்ணெய் பூச வேண்டும். ஓட்டைப் பார்ப்பதா, மரத்தைப் பார்ப்பதா, குரங்கைப் பார்ப்பதா?

என் அஸ்பெஸ்டஸ் இன்னொரு தினுசு. அதற்குக் குரங்கு வந்து திறக்காது, நடுவில் குதித்து உடைக்கும். பின்னால் நிற்கிற பலா மரம் காய்ந்த கொப்பைப் போட்டு விரிசல் விழ வைக்கும். பாசி பிடித்துக் கறுத்துப்போகும். தேய்த்துக் கழுவலாம் என்றால், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்கிறார்கள். கழுவாமல் விட்டால் பாசியில் தண்ணீர் ஊறி நின்று, சீட்டு மெத்தென்று ஆகும். மேலே ஏறினால் ஆணி வரிசையில் பலகை போட்டுத்தான் கால் வைக்க வேண்டும். நான் பலகையைத் தூக்கும்போதெல்லாம் என் மனைவி வாசலுக்கு வந்துவிடுவாள்.

“ஏறாதீங்க. சீட்டு ஒடஞ்சா வேற சீட்டு போடலாம். இடுப்பு ஒடஞ்சா எதப் போடுறது?”

நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். ஏறுகிற ஆளிடமெல்லாம் வாயைக் கிளறுவது என் பழக்கம். கொஞ்சகாலமாக எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: ஒங்க வீட்டுக்கு மேல என்ன போட்டிருக்கீங்க? நிம்மதியாக இருக்கிறேன் என்று ஒருத்தராவது சொல்வார் என்று பார்க்கிறேன். இதுவரை இல்லை.

கலேவெலப் பக்கத்து வெங்காயக்காரர் ஒருத்தர் புதிதாகக் கலர் தகரம் போட்டிருக்கிறார். “பாக்க ஜோராத்தான் இருக்குது. பகல் ரெண்டு மணிக்கு உள்ள போய் நில்லுங்களேன், அரிசிய அடுப்புல வைக்கவே தேவையில்ல. நாங்க எல்லாரும் மரத்தடியில இருக்கோம், வீட்டுக்குள்ள வெயில் இருக்குது.” டவுனில் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், மேலே கொங்கிரீட் தட்டு போட்டார். அவரிடம் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “பிளாட் போட்டால் எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சன் தம்பி. இப்ப வீட்டுக்கு மேல ஒரு குளம் வச்சிருக்கிறன். மீன் ஒண்டுதான் குறை.” சீகிரியாவில் ஹோட்டல் வேலை செய்கிற ஒரு பையனை ஏற்றிப்போனேன். அங்கே புல் வேய்ந்த கூரைக்குக் கீழே படுக்கத்தான் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்களாம். “அவங்களுக்கு அது அழகு அண்ணே. மழைக்கு முன்ன புல்லு மாத்துறது, பல்லி விழாமப் பாக்குறது, எலி போகாமப் பாக்குறது, எல்லாம் நாங்க. அவங்க ஒரு ராத்திரி படுத்துட்டுப் போயிருவாங்க. புல்லுக்கூரையில குடியிருக்கிறது லேசுன்னு ஊருக்குப் போய்ச் சொல்லுவாங்க.”

அக்காவின் தகரத்துக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், லயத்திலேயே நல்ல கூரை அதுதான். அந்தக் காலத்துத் தகரம், தட்டினால் மணிச்சத்தம் வரும். ஆனால் அது தானாக நல்லாயிருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன், முற்றத்தில் மூன்று கல் வைத்து, பழைய எண்ணெய் டின்னில் தாரை உருக்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்காவே மேலே ஏறுவார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் இருக்கும்போதும் அவரை ஏறவிட்டதில்லை, “ஒங்களுக்குத் தார் பூசத் தெரியாது, ஒங்க மேலதான் பூசிக்கிறீங்க” என்று. ஆணிக்கு ஆணி பார்த்து, பழைய டயர் ரப்பரில் வட்டமாக வெட்டி அடியில் வைப்பார். காற்றுக்குத் தூக்காமலிருக்க மேலே கல்லு. மழை பெய்தால் உள்ளே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. அது வேறு விஷயம்.

“என் தகரத்துல ஒரு ஓட்ட காட்டு,” என்பார். காட்ட முடியாது. இருந்தாலும் ஒழுகும். எங்கே? எனக்கும் அவருக்கும் நடுவிலுள்ள சுவரோரமாக, அவர் பக்கத்தில். ஆகவே குற்றவாளி நான்.

அந்தச் சுவருக்கு மேலே முதலில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். என் மூத்த மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், என் பங்குத் தகரத்தைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் போட்டேன். எல்லாத் தகரமும் கழன்றது. கடைசித் தகரம் மட்டும் சுவருக்கு மேலே, பாதி என் பக்கமும் பாதி அக்கா பக்கமுமாகக் கிடந்தது. முழுவதையும் எடுத்தால் அக்காவின் தலைக்கு மேலே வானம். முழுவதையும் விட்டால் அவருடைய ஆள் என் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. நானும் அக்காவும் நெடுநேரம் யோசித்தோம். ஆளுக்குப் பாதி என்று முடிவானது. சுவரின் நடுவை அளந்து நூல் பிடித்தோம். நூலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அக்காதான் பிடித்தார். “நேரா வெட்டு தம்பி, பொறகு ஒரு பேச்சு வரக்கூடாது,” என்றும் சொன்னார். கத்திரி போட்டு, மயிரிழை பிசகாமல் வெட்டினேன். லயமே நின்று பார்த்தது. பங்கு பிரித்தால் இப்படிப் பிரிக்க வேண்டும் என்று மாமா எல்லாரிடமும் சொன்னார். அவருடைய ஓடு போடும்போது அவரும் என்னோடு அப்படியே நூல் பிடித்துத்தான் வெட்டினார்.

எனக்குக் கிடைத்த பாதி, இரண்டு சாண் அகலத்தில் நீளமாக ஒரு துண்டு. வேறெதற்கும் உதவாததால் பின்பக்கக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டேன். அந்தக் கூட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அக்கா அதற்கொரு பார்வை வைத்திருப்பார்.

“நாங்க நனையிறோம். ஒங்க கோழி நனையாம முட்ட போடுது.”

அந்த வெட்டுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு மழைக்கும் ஒரு வைத்தியம் பார்த்தோம். முதலில் சிமெந்து பூசினோம். வெயிலில் தகரம் விரியும், அஸ்பெஸ்டஸ் விரியாது, நடுவில் சிமெந்து பிளந்துவிடும். பிறகு தாரில் தோய்த்த சாக்கு. அதைக் குரங்கு பிய்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பலா மரத்தில் தொங்கவிட்டது. பிறகு லொறி டயரின் டியூப். பிறகு யாரோ கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் தேர்தல் பேனர். அந்த வருஷம் முழுக்க எங்கள் சுவருக்கு மேலிருந்து ஒரு முகம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தது. மழை அந்தக் கும்பிடுக்கும் மசியவில்லை. ஒவ்வொரு வைத்தியத்தையும் நான் மாட்டுவேன், அக்கா கீழே நின்று, “ஒங்க சீட்டுலதான் ஏதோ கோளாறு” என்பார். நான், “ஒங்க தகரத்துலதான்” என்பேன். அப்புறம் தேத்தண்ணி குடிப்போம்.

இவ்வளவு காலம் அது சிரிப்பாக ஓடியது. அக்கா கட்டிலை மறுபக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு, மூலையில் சொட்டுத் தண்ணீருக்கு ஒரு பேசினை வைத்துவிட்டு இருந்தார். மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றானதும்தான் சிரிப்பு நின்றது. அந்த மூலைதான் காற்றுப்படாத மூலை. தாயையும் பிள்ளையையும் அங்கேதான் படுக்க வைக்க முடியும்.

மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது தம்புள்ளைப் பக்கம். சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான், ஆனால் போனில் முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம் உள்ளவர். “காம்பராவக் காட்டுங்க, புள்ளைக்கு எடம் எப்படி இருக்குன்னு பாப்போம்” என்பார். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு மூன்று மூலையையும் காட்டுவார், நாலாவது மூலைக்கு வரும்போது கை மேலே சாமிப்படத்துக்குப் போய்விடும். பேசினில் சொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க அதற்குள் பழைய சேலையை மடித்துப் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் சேலை ஊறி நிரம்பியதைக் கவனிக்கவில்லை. டொக், டொக் என்று கேட்டுவிட்டது.

“என்னா சம்பந்தி சத்தம்?”

“கோழி,” என்றார் அக்கா.

சம்பந்தியம்மா நம்பவில்லை. ஒழுகுகிற இடத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அனுப்புவது, பிரசவம் இங்கேயே இருக்கட்டும், நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஒழுக்கு நின்றால் மட்டும் அனுப்புவதைப் பற்றிப் பார்க்கலாமாம். அன்றைக்கு அக்கா என்னோடு சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

“மொதப் பிரசவம் தம்பி. எம் பொண்ணுக்கு நான் வெந்நி ஊத்த வேணாமா? அங்க போயி, ஒரு கெழம இருந்துட்டு, விருந்தாளி மாதிரி பேரப்புள்ளயப் பாத்துட்டு வரணுமாம்.”

அதனால்தான் பாஸின் பின்னால் அலைந்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றவர் புதன்கிழமை வந்தார். சிங்கள ஆள், எங்கள் தமிழும் தெரியும், கோபம் வந்தால் மட்டும் சிங்களம். ஏணியில் ஏறினார். பார்த்தார். விரலால் அந்த இடைவெளியைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போனார். அவ்வளவு நேரான வெட்டை அவர் கண்டிருக்க மாட்டார்.

“இத வெட்டினது யாரு?” என்றார், சிங்களத்தில்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முற்றத்து வாழையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றோம்.

பாஸ் சொன்னதன் சாரம் இது. கூரையில் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், சுவருக்கு நேர் மேலே மட்டும் வெட்டக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால்தான் தண்ணீர் வெளியே போகும், முட்டிக்கொண்டு நின்றால் உள்ளேதான் வரும். இனி இரண்டுக்கும் மேலே ஒரு தகரத்தைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும், அந்தப் பக்கம் ஒரு சாண், இந்தப் பக்கம் ஒரு சாண். அஸ்பெஸ்டஸ் வளையாது, அதனால் மேலே படுப்பது தகரமாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் இப்போது கடையில் விற்கிற மெல்லிசு சரிவராது. அதன் வளைவு வேறு, அக்காவின் தகரத்து வளைவில் உட்காராது. இதே பழைய சாதித் தகரம் வேண்டும். கிடைத்தால் ஒரு மணி நேர வேலை. கிடைக்காவிட்டால் ஆணியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்றார். சொல்லிவிட்டு நாலு ஆணியை வாயில் கவ்விக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா அந்தப் பேச்சைத் தொடங்கினார். ஒரு சாண்கூட வரக்கூடாது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் காம்பராவுக்குப் பத்திரம் கொடுக்கப்போவதாக அளக்க வந்தார்கள். சுவரின் நடுதான் எல்லை என்று சொல்லிச் சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பத்திரம் இன்னும் வரவில்லை. சோக்குக்கோடு மழையில் அழிந்துபோனது. ஆனால் எங்கள் எல்லார் மனசிலும் அது அழியவில்லை. நானே மாமாவின் ஓடு நாலு விரல் என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு காலை முழுக்கக் கத்தியிருக்கிறேன். மாமா நீட்டியிருந்த ஓட்டை அந்த இடத்திலேயே உடைத்துக் காட்டினார். அன்றிலிருந்து அங்கேயும் ஒழுகுகிறது.

“அக்கா, மழைக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது,” என்றேன், ஏணியைப் பிடித்தபடியே.

“ஒனக்குத் தெரியுமே. நீ படிச்சுச் சொல்லு அதுக்கு.”

“ஒங்க மகளுக்காகத்தானே இவ்வளவும்?”

“எம் மகளுக்காகத்தான் சொல்றேன். நாளைக்கு அவளுக்குச் சேர வேண்டிய காம்பரா. ஒரு சாண் கொறச்சலாக் குடுக்கச் சொல்றியா?”

“அந்தச் சாணுக்கு நான் என்ன வாடகைக்கா ஆள் வைக்கப்போறேன், கூரைக்கு மேல?”

மேலே பாஸ் ஆணிகளை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். ஆணி பைக்குள் போனால் அவர் மறுபடி வர அடுத்த மாதமாகும். என் மனைவி வாசலில் நின்று, நீங்க பேசாம இருங்க என்று கையைக் காட்டினாள். முதல் துளி என் மணிக்கட்டில் விழுந்தது.

அக்காவின் இடுப்பில் போன் அடித்தது. சம்பந்தியம்மா. இந்த முறை முகம் காட்டாமல், குரல் மட்டும். எங்கள் எல்லாருக்கும் கேட்டது. “மாத்தளப் பக்கம் இருட்டிக்கிட்டு வருதாமே. வெள்ளிக்கெழம அனுப்பவா வேணாமா? ஒரு முடிவாச் சொல்லுங்க, நான் இங்க ஏற்பாடு பண்ணணும்.”

அக்கா தன் கூரையைப் பார்த்தார். என் கூரையைப் பார்த்தார். நடுவிலுள்ள அந்த நேர்கோட்டையும் பார்த்தார்.

“அனுப்புங்க,” என்றார். “காம்பரா காஞ்சு கெடக்குது.”

போனை இடுப்பில் செருகினார். தன் வாசலில் சாத்தியிருந்த அலவாங்குக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் என் கோழிகள் எல்லாம் ஒரேயடியாகக் கூச்சல் போட்டன. ஆணி கழலுகிற கிறீச் சத்தம் மூன்று தரம் கேட்டது. பிறகு அந்த இரண்டு சாண் அகலத் தகரத்தைத் தலையில் நீளவாக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, மழைக்குள்ளே முற்றத்தைக் கடந்து வந்தார். ஒரு முனையை ஏணியின் மேல்படியில் சாய்த்து, அடியில் தோளைக் கொடுத்து, பாஸின் கை எட்டும்வரை மேலே தள்ளினார்.